ஆடிப்போன ஒரே படம்

"இதைவிட மலிவா ட்ரைபாட் இல்லையா அக்கா?" என்றான் போலோத். நரின் நகரச் சந்தையில் ஜிபெக்கின் கேமரா கடைக்கு அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தான்.

"இதைவிட மலிவுன்னா மூணு குச்சியைச் சேர்த்துக் கட்டிக்க வேண்டியதுதான். விலையில ஒரு சோம்கூட குறைக்க மாட்டேன்."

"கேமரா நேரா கீழே பார்க்குமா?"

"ஏன், கம்பளத்தைத் தரையில விரிச்சுப் படம் எடுத்து விக்கிறியா? பார்க்கும். நடுக்கம்பியை மட்டும் ரொம்ப மேலே இழுக்காதே, ஆடும். ஆமா, உனக்கு எதுக்கு இது?"

"படம் எடுக்கறப்ப கை நடுங்குது."

ஜிபெக் அவனுடைய கேமராவை வாங்கிப் பார்த்தாள். பாய்ந்தோடும் குதிரை, இரைமேல் இறங்கும் கழுகு. எல்லாமே பளிச்சென்று இருந்தன.

"ஓடற குதிரைக்கே நடுங்காத கை! யார்கிட்ட கதை விடறே தம்பி?"

"அடுத்த படத்தைப் பாருங்க."

அது மட்டும் ஆடிப்போயிருந்தது. ஒரு தொட்டில். அதற்குள் ஒரு குட்டி முகம்.

"என் பொண்ணு. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சுப் பொறந்தவ. தொட்டில் மேல குனிஞ்சாலே கை உதறுது அக்கா. நேத்துதான் நாப்பது நாள் முடிஞ்சது. வெளியாளுங்கள்ல நீங்கதான் முதல்ல பார்க்கறீங்க."

ஜிபெக்குக்குக் கண் கலங்கியது.

போலோத் மெல்லக் கேட்டான்: "பச்சைக் குழந்தை முகத்தை வெறுங்கையோட பார்க்கலாமா அக்கா?"

"அடப்பாவி!" ஜிபெக் சிரித்துவிட்டாள். சொன்ன விலையில் பாதியைத்தான் வாங்கினாள்.

ட்ரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு போலோத் வெளியே வந்தான். பக்கத்தில் ஆணிக்கடை. அங்கே அவனுக்கு வாங்க ஒன்றுமே இல்லை. இருந்தாலும், கேமராவை நீட்டிப் பிடித்தபடியே உள்ளே நுழைந்தான்.