இடது ஓரத்துச் சிப்பாய்

"ஓரத்துல ஒரு எறும்பு நின்னாலும் தெரியும்ங்க. ஒரு இஞ்ச்கூட வெட்டாம முழுசா காட்டறோம்" என்றார் படம் ஓட்டும் ஆபரேட்டர்.

தியேட்டர் வாசலில் நின்றிருந்த முன்னாள் தபால்காரர், வெளியே போகும் வழியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெரிய தியேட்டரில் எழுபது எம்.எம். ஃபிலிம் ஓட இன்னும் நாலே நாள்தான் பாக்கி. அப்புறம் மெஷினைக் கழற்றிவிட்டு, ஹாலைத் தடுத்து மூன்று குட்டி அரங்குகளாக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால், நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன் இதே திரையில் சக்கைப்போடு போட்ட ராஜா காலத்துப் போர்ப் படம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள்.

"மாமா, உங்க படம்! நீங்களும் அத்தையும் நடுவுல உக்காருங்க" என்றார் மாப்பிள்ளை. டிக்கெட் எடுத்தது அவர்தான். கூடவே தன் அப்பாவையும் அழைத்து வந்திருந்தார்.

சம்பந்தி, ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார். நிரூபிக்காத எதையும் நம்பமாட்டார். "பதினஞ்சு வருஷமா காதாலதான் கேட்டுட்டு இருக்கேன், சம்பந்தி. இன்னைக்காவது நீங்க வேலும் கவசமுமா நிக்கறதைக் கண்ணால பாத்துடறேன்" என்றார்.

"பாருங்க, நல்லாப் பாருங்க" என்று சிரித்து வைத்தார் தபால்காரர்.

அந்தப் படத்தில் அவர் நடிக்கவே இல்லை.

அப்போது கல்யாணமான புதுசு. சிப்பாய் வேஷத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க வெயிலில் வரிசையில் நின்றார். உயரம் பத்தாது என்று சாயங்காலம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கதவைத் திறந்த புது மனைவி, "எடுத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ம்" என்றார். அந்த ஒரு 'ம்' தெரு முழுக்கப் பரவி, "முதல் வரிசை, இடது ஓரம், கையில வேல்" என்று கை கால் முளைத்து வளர்ந்துவிட்டது.

படம் வந்தபோது டபுள் டியூட்டி, கூட்டம், காய்ச்சல் என்று ஏதேதோ சொல்லி அவளைக் கூட்டிப் போகாமல் ஒப்பேற்றினார். படம் ஊரைவிட்டுப் போனதும்தான் மூச்சு வந்தது. சில வருடம் கழித்து டி.வி.யில் போட்டார்கள். அக்கம்பக்கமே கூடத்தில் உட்கார்ந்து தேடியது. ஆளைக் காணோம். "அவ்வளவு பெரிய படத்தை இத்துனூண்டு பெட்டிக்குள்ள அடைச்சா ஓரமெல்லாம் வெட்டுப்படாதா? இவர் நின்னதே ஓரத்துலதான்" என்று மனைவி ஒரே போடாகப் போட்டாள். வெள்ளந்தி மனுஷி என்று நினைத்தபடி, அந்த வார்த்தையை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிறகு சி.டி.யில் வந்தது, ஃபோனில் வந்தது. எல்லாம் அதே வெட்டுப்பட்ட காப்பி. பிழைப்பு ஓடியது.

இன்று வெட்டாத படம். சம்பந்தி முன்னால் மானம் கப்பலேறப் போகிறது. அதுகூடப் பரவாயில்லை. இத்தனை வருஷம் தன்னை நம்பியவளின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அவரை அரித்தது.

திரைச்சீலை விலகியது, விலகிக்கொண்டே போனது. சுவரிலிருந்து சுவர் வரைக்கும் படம். வாத்தியாரே வாயைப் பிளந்தார். குதிரைகளின் பிடரி மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அந்தத் துல்லியம்தான் தபால்காரருக்கு எமனாக இருந்தது.

"மாமா, நீங்க எப்ப வருவீங்க?"

"இடைவேளைக்கு முன்னால... கோட்டை சீன்ல" என்று முனகினார். அந்தக் காட்சி நெருங்க நெருங்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "தலை வலிக்குது. கொஞ்சம் வெளியில காத்தாட..."

மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இருங்க. உங்க சீன் வருது."

கோட்டை வாசலில் படை அணிவகுத்து நின்றது. திரையின் இடது ஓரத்தில் மட்டும் நாற்பது ஐம்பது முகங்கள், ஒவ்வொன்றும் பளிச்சென்று. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தார். தபால்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அதோ!" மனைவி எழுந்தே விட்டாள். "கறுப்புக் குதிரைக்குப் பக்கத்துல, மூணாவது ஆள்! மூக்கைப் பாருங்க சம்பந்தி, அச்சு அசல் இவர் மூக்கு!"

தபால்காரர் கண்ணைத் திறந்தார். மூணாவது ஆள் எவனோ ஒருவன். ஆனால் தாடியும் கவசமும் மறைத்ததுபோக மிச்சமிருந்த முகத்தில் ஏதோ ஒரு சாயல் இருக்கத்தான் செய்தது.

"அட, மாமாவேதான்!" மாப்பிள்ளை விசிலடித்தார்.

வாத்தியார் உற்றுப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "மன்னிச்சுடுங்க சம்பந்தி. நான் நம்பாம இருந்துட்டேன். ஓரமா நின்னாலும் கம்பீரமா நின்னிருக்கீங்க."

இடைவேளையில் அப்பாவும் பிள்ளையும் காபி வாங்கப் போனார்கள். தலை தப்பியும் தபால்காரருக்கு நிம்மதி வரவில்லை. எவனோ ஒருவனைப் பார்த்து இப்படிப் பூரித்துப் போகிறவளை இனியும் ஏமாற்ற அவருக்கு மனசு கேட்கவில்லை.

"இங்க பாரு... அது நான் இல்ல. அன்னைக்கு என்னை எடுக்கவே இல்ல. உயரம் பத்தலைன்னு அனுப்பிட்டாங்க" என்றார், வெறும் திரையைப் பார்த்தபடி.

"தெரியும்" என்றாள் மனைவி. "படம் வந்த முதல் வாரமே, நீங்க வேலைக்குப் போனதும் தனியா வந்து மூணு தடவை தேடினேன். நீங்க இல்ல. அந்த மூணாவது ஆளுக்குத்தான் கொஞ்சம் உங்க ஜாடை. என்னைக்காவது உதவும்னு அப்பவே பாத்து வெச்சுக்கிட்டேன்."