சும்மா இருப்பவர்

வேலைவாய்ப்புக் கணக்கெடுக்கும் பெண் மாதம் ஒருமுறை வருவாள். போன மாதம், "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று அவள் கேட்டபோது எழிலரசி சிரித்துக்கொண்டே, "சும்மாதான் இருக்கார்" என்று சொல்லிவிட்டாள். பதினோரு கம்பெனிகளுக்கு விண்ணப்பித்துக் களைத்துப்போயிருந்த தங்கதுரையும் சேர்ந்து சிரித்தான். வேலை செய்பவர்களுக்கும் தேடுபவர்களுக்கும்தான் கணக்கில் இடம் உண்டு, சும்மா இருப்பவர்களுக்குக் கிடையாது என்பது இருவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

அன்றிலிருந்து லிஃப்ட் அவனுக்காக நிற்பதில்லை. அவன் கையை நீட்டினாலும் பால்காரர் பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போகிறார்.

இன்று அந்தப் பெண் மறுபடி வந்தாள். "வீட்டுல எத்தனை பேர் அக்கா?"

"ரெண்டு. இதோ உட்கார்ந்திருக்காரே. தினமும் வேலை தேடறார், எழுதிக்கங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். "காலி நாற்காலியைக் காட்டறீங்க?"

"ஷேவ் பண்ணலைன்னு அடையாளம் தெரியலையா மேடம்?" என்றான் தங்கதுரை. அவள் திரும்பவில்லை.

"தப்பாச் சொன்னா உங்க வேலையும் போயிடும்க்கா. நபர் ஒண்ணு. இங்க கைரேகை வைங்க."

வீட்டில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வேலைதான். எழிலரசி கணவனைப் பார்த்தாள்.

"வச்சிடு எழில். வெறும் கணக்குதானே? நான் எங்க போயிடப் போறேன்?"

அவள் விரலை வைத்தாள். கருவி பச்சையாக ஒளிர்ந்தது. நாட்டில் வேலையில்லாதோர் எண்ணிக்கை மேலும் குறைந்துவிட்டதாக அது இனிமையாக அறிவித்தது. பெண் கிளம்பிப் போனாள்.

"டீ போடவா?" என்றபடி எழிலரசி திரும்பினாள்.

"போடேன்" என்றது அவன் குரல், மிக அருகிலிருந்து.

"எங்க இருக்கீங்க?" என்றாள் அவள், நாற்காலியை நேராகப் பார்த்துக்கொண்டே.