பூசணிக்காய்க்கு மூக்கில்லை

“மறுபடியும் பூசணிக்காயா? பழகின இடத்துலயே சுத்திக்கிட்டு இருந்தா எப்படிம்மா வளருவ? ஒரு மனுஷ மூஞ்சியை வரைஞ்சு பாரு.”

சொல்லிவிட்டு அண்ணன் தேநீர் போடச் சமையலறைக்குப் போனார்.

அவர் பேச்சைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. அம்மா அப்பா போன பிறகு அவளை ஆளாக்கியவர். முதல் வண்ணப்பெட்டி வாங்கித் தந்ததும் அவர்தான்.

மூஞ்சி வரையத் தெரியாதவள் அல்ல அவள். அதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. காவல் நிலையத்தில் உட்கார்ந்து, பாதிக்கப்பட்டவர்கள் சொல்லச் சொல்ல, செய்தவனின் முகத்தைப் பென்சிலில் கொண்டுவருவாள்.

பகலெல்லாம் திருடன், அடித்தவன், கையைப் பிடித்து இழுத்தவன். வீட்டுக்கு வந்தால் பூசணிக்காய்தான். கொஞ்சம் சப்பையாக, வரிவரியாக, தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து எவரும் இவன்தான் என்று கதறியதில்லை.

ஊர்ப் பூசணிக்கெல்லாம் இவள்தான் கல்யாண போட்டோ எடுக்கிறாள் என்று அண்ணி கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும், வாய்க்கு வேலை வேண்டுமே.

ஆனால் இன்று ஏனோ ரோஷம் வந்தது. ஓவியச் சட்டத்தில் புதிய துணியை மாட்டினாள். யார் முகமும் வேண்டாம், கைக்கு வருகிற முகம் வரட்டும் என்று தூரிகையை ஓடவிட்டாள்.

நெற்றி வந்தது. அடர்ந்த புருவம் வந்தது. இத்தனை சுலபமா என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

மூக்கு வந்தது. நடுவில் ஒடிந்து, இடப்பக்கம் சாய்ந்த மூக்கு.

கை நின்றுவிட்டது.

சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் அண்ணன் விழுந்தபோது ஒடிந்த மூக்கு அது. அவளைக் கீழே விடாமல் பிடித்துக்கொண்டதால், தன் முகத்தைக் காத்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை.

மஞ்சளை அள்ளி அப்பினாள். நெற்றி போனது, புருவம் போனது. மூக்கு மட்டும் ஈரத்தில் கலங்கிக்கலங்கி மேலே வந்தது. இன்னும் கெட்டியாக அப்பினாள். வரிகளை இழுத்தாள். காம்பு வைத்தாள்.

அண்ணன் தேநீரோடு வந்து பார்த்தார். உன்னைத் திருத்தவே முடியாது என்று சிரித்து, அவள் தலையைத் தடவினார்.

அந்தக் கை பட்டதும் எப்போதும் போல் பாசம்தான் வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்று காலை காவல் நிலையத்தில், இருட்டுப் படிக்கட்டில் தன்னை மடக்கியவனைப் பற்றிச் சொல்ல வந்திருந்த தையல்காரப் பெண், வரைந்து முடித்த படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

“எல்லாம் சரியா இருக்குக்கா. மூக்கு மட்டும் நேரா இருக்கே. இடது பக்கம் சாஞ்சிருந்துச்சுன்னுதானே சொன்னேன்?”

பயத்தில் அப்படித்தான் தோன்றும் என்று இவள் தேற்றி, படத்தின் கீழே அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.