மூன்று விரற்கடை

அவர் போர்வையை விலக்கிவிட்டார்.

ஒரு கால் தரையில்.

நாற்பது நாள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மீறினால் இதயம் தாங்காது என்பதை என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

அன்று பதினொன்றாம் நாள்.

"புகை எப்படிப் போகுது?"

ஜன்னலோரம் நான்தான் நின்றிருந்தேன். கீழே, பள்ளத்தில், தேயிலை ஃபேக்டரியின் புகைபோக்கி. அதன் அடியில் இருக்கும் விறகு உலையை இருபத்தாறு வருடம் எரித்தவர் அவர். உலையடியில் நிற்பவனுக்குப் புகை தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து தெரியும்.

கரியைக் கரைத்துவிட்டாற்போலப் போய்க்கொண்டிருந்தது.

"வெள்ளையா. சன்னமா."

காற்று எங்கள் பக்கம் வீசியது. அவர் மூக்கை உறிஞ்சினார்.

"எனக்கு நெஞ்சுதான் கெட்டிருக்கு. மூக்கு நல்லாத்தான் இருக்கு."

இரண்டாவது காலும் இறங்கியது. கை, ஆணியில் தொங்கிய ஸ்வெட்டரைத் தேடியது.

அதை நான் எடுத்து மாட்டிக்கொண்டேன். முழங்கால் வரை வந்தது.

"நான் போறேன். நீங்க படுங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

"இருபத்தாறு வருஷமா சாப்பிடறப்பல்லாம் வேற என்ன பேசினீங்க?"

தொண்ணூறு படி இறங்கினேன்.

அவருக்குப் பதிலாக வந்திருந்த சகாயராஜ் உலைவாயில் விறகைத் திணித்துக்கொண்டிருந்தான். பச்சைத் தைல மரம். சூடு வீணாகக் கூடாதென்று, புகைக்குழாயின் குறுக்குத் தகட்டையும் முக்கால்வாசி மூடி வைத்திருந்தான்.

குழாயில் இருந்த சூட்டு மீட்டரில் முள் நூற்றிருபது டிகிரி.

நூற்றைம்பதுக்குக் கீழே போனால் புகை தாராக உள்ளே படியும். படிந்தது ஒருநாள் பற்றும்.

"காஞ்ச கட்டையாப் போடு. தகட்டை மூணு விரக்கடை இழு."

"மேலேருந்து உத்தரவாக்கா? கர்த்தரா?"

"அவருக்கும் மேல இருக்கறவரு."

சிரித்தான். தகட்டின் இழுகம்பியில் நான் விரலை வைத்துக் காட்டிய அளவுக்கு அதை இழுத்தான். உலை ஒரு பெருமூச்சு விட்டது.

"நூத்தம்பது அக்கா."

"நூத்தி எம்பது." அவனே படித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இருநூத்திப் பத்து. நின்னுருச்சு."

அவர் இருந்தவரை அவரிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. முள் ஏறிய நேரமெல்லாம் நான் அதைப் பார்க்கவேயில்லை. வாசல் வழியே தெரிந்த படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் இறங்கி வரவில்லை.

மூச்சு வாங்க ஏறி வந்தேன்.

கட்டிலின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார். கால்கள் இன்னும் தரையில்.

"எத்தனை விரக்கடை?"

"மூணு."

"உன் விரலா, என் விரலா?"

எனக்கு அது தோன்றவேயில்லை. கையை நீட்டினேன். அவர் தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னுடைய மூன்று, அவருடைய இரண்டு.



"முள்ளு?"

"இருநூத்திப் பத்து."

என் விரல்களை மறுபடியும் பார்த்தார். ஒவ்வொன்றாக.

"அப்ப உன் விரலே போதும்."

கையை விடாமலே, கால்களை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்துக்கொண்டார்.