ஏழாம் மாடிச் சாவி

"விடாதீங்க மாமா! இன்னிக்கு அந்த ஆளை உண்டு இல்லைன்னு பண்ணிடணும்" என்றான் மச்சான், சோபாவில் சம்மணம் போட்டுக்கொண்டு.

"ஆமாங்க, நறுக்குன்னு கேட்டுடுங்க" என்றாள் மனைவி, கதவோரம் நின்றபடி.

மாமாவான லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அதே வெறிதான். இதற்காகவே வேலைக்கு லீவு போட்டிருந்தார்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அவர் தனி ஆளாக உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்திருந்தார். பெயர் 'பத்து மாடி'. கையில் துப்பாக்கியோடு ஒவ்வொரு மாடியாக ஏற வேண்டும். லிஃப்ட் திறந்தால் இரும்பு மனிதர்கள் பாய்வார்கள். அந்தக் காலத்தில் அதை யாரும் சீண்டவில்லை. இப்போது பழைய சுடுகிற கேம்களுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறதே என்று, தூசு தட்டி, இன்றைய கம்ப்யூட்டரில் ஓடும்படி மாற்றி, இணையத்தில் விற்பனைக்கு வைத்தார்.

சொந்தபந்தமெல்லாம் வாங்கி, ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் அள்ளிப் போட்டது. முதல் ஆள் மச்சான்தான். 'பத்தாம் மாடி ராட்சசன் சாகும்போது தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன்' என்று எழுதியிருந்தான். அதைப் படித்த தெம்பில்தான் மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டு இரண்டாம் பாகம் செய்வது. நாளைக்கே முதலாளியிடம் சொல்லிவிடுவதாக இருந்தார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது 'துருப்பிடித்த துப்பாக்கி'. அந்தப் பெயரில் ஒருவர், ஊர் பேர் தெரியாத பழைய கேம்களைத் தேடித் தேடி விளையாடி, இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கலாமா என்று இணையத்தில் எழுதுகிறார். 'பத்து மாடி'க்குக் கிடைத்த தீர்ப்பு ஒரே வரி: 'வாங்காதீர்கள், ஏழாம் மாடியைத் தாண்ட முடியாது.'

அதோடு விற்பனை படுத்துவிட்டது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தக் கதைதான் மாமா. நம்பர் கீழேயே போட்டிருக்கு பாருங்க. அடிங்க, ஸ்பீக்கர்ல போடுங்க."

மறுமுனையில் ஒரு பெண் குரல். "டென்டல் கிளினிக்."

"துருப்பிடித்த துப்பாக்கி இருக்காரா?"

"நான்தான். கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, வெளியே பேஷண்ட் உட்கார்ந்திருக்காங்க, பயந்துடுவாங்க."

மெக்கானிக் ஓர் ஆணை எதிர்பார்த்திருந்தார். உடனே சமாளித்துக்கொண்டார். "நான்தான்மா 'பத்து மாடி' செஞ்சவன். ஊரே ஆஹா ஓஹோன்னு எழுதியிருக்கு. உங்களுக்கு மட்டும் என்ன வந்தது? என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே!"

"நீங்களா! உங்களைத்தாங்க தேடிக்கிட்டிருக்கேன். ஏழாம் மாடியில சிவப்புக் கதவு இருக்கே, அதுக்குச் சாவி எங்கங்க வெச்சீங்க?"

"ஜெனரேட்டர் ரூம்ல, மேஜை மேல."

"மேஜை இருக்கு, சாவி இல்லை. ஒவ்வொரு சுவராத் தட்டிப் பார்த்துட்டேன். லீவு நாளெல்லாம் அந்த மாடியிலதான் குடியிருந்தேன். என் காப்பிதான் கெட்டுப்போச்சோன்னு இன்னொண்ணும் வாங்கினேன். அதுலயும் இல்லை."

"ஒரு சின்ன கேமுக்கு இவ்வளவு குடைச்சலா?" என்று மச்சான் குறுக்கே கத்தினான்.

"தானமா வந்த மாடுன்னா பல்லைப் பிடிச்சுப் பார்க்க மாட்டேங்க. இது காசு குடுத்து வாங்கினது. அதோட, பல்லைப் பார்க்கிறதுதான் என் தொழிலே."

மெக்கானிக் விடவில்லை. "பிடிக்கலைன்னா தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"பிடிக்கலைன்னு யார் சொன்னாங்க? இப்போ வர்ற கேம்ல எல்லாம் அம்புக்குறி போட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறாங்க. உங்களோடதுல முட்டி மோதி நாமளே வழி கண்டுபிடிக்கணும். இரும்பு மனுஷன் வர்றதுக்கு முன்னாடி லிஃப்ட் கயிறு கிறீச்சுன்னு ஒரு சத்தம் போடுமே, அதைக் கேட்டு நான் நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டேன். சாவியை மட்டும் வெச்சிடுங்க. 'கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க'ன்னு நானே எழுதுறேன்."

அந்தக் கயிற்றுச் சத்தத்தை மெக்கானிக் தன் வேலையிடத்தில் காத்துக் கிடந்து பதிவு செய்திருந்தார். புகழ்ந்து எழுதியவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று கம்ப்யூட்டரைத் திறந்தார்.

ஏழாம் மாடி. மேஜை இருந்தது. சாவி இல்லை.

பழையதைப் புதிதாக மாற்றும்போது விட்டுப்போயிருக்கிறது. சோதித்துப் பார்த்தபோது தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. ஒரு பட்டனைத் தட்டினால் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த மாடிக்குப் போய்விடலாம். செய்தவருக்கு மட்டுமே தெரிந்த குறுக்குவழி, பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. அவசரத்தில் ஒவ்வொரு தடவையும் அப்படியே போயிருக்கிறார். லிஃப்ட்காரருக்குப் படியேறிப் பழக்கம் ஏது?

"தப்பு என்னோடதுதாம்மா" என்றார். "சாயங்காலத்துக்குள்ள சாவி மேஜை மேல இருக்கும். முதல் மாடியிலேர்ந்து நானே படிப்படியா ஏறிப் பார்த்துட்டுத்தான் மறுபடி விற்பேன். இரண்டாம் பாகம், வேலையை விடுறது எல்லாம் அப்புறம்."

போனை வைத்தார்.

ஐந்து நட்சத்திரம் போட்டிருந்த மனைவிக்குத் திடீரென்று சமையலறையில் வேலை வந்துவிட்டது. மச்சான் மெல்ல எழுந்து செருப்பைத் தேடினான்.

"உட்காரு மச்சான்" என்றார் மெக்கானிக், கோபமே இல்லாமல். "அந்தப் பத்தாம் மாடிக்கு நீ எந்த வழியாப் போய் அழுத?"