நீண்டுகொண்டே போன தனி

"இந்த அம்மணி இருந்தா, அடுத்த வருஷம் நான் இல்லை!"

ஆப்பிள் கேக்கை முள்கரண்டியால் குத்தியபடி சொன்னார் ஓத்மார். வியன்னாவிலேயே மூத்த இசை நடத்துநர். எண்பதை நெருங்கியும் நாற்காலி போடாமல் நின்றே ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிறேன் என்பதில் அவருக்கு அலாதிப் பெருமை.

எதிரே பியானோ கலைஞர் ரோஸ்விதா காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் பீத்தோவனின் ஐந்து கான்செர்ட்டோக்களில் வாரம் ஒன்றாக நான்கை வாசித்தாயிற்று. இன்று மாலை ஐந்தாவது. அடுத்த வருடம் மோசார்ட் வரிசையும் தனக்கே கிடைக்க வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார்.

அதை முடிவு செய்யவேண்டிய இசைச் சங்கச் செயலாளர் கெர்லிந்த், இருவருக்கும் நடுவில் நெளிந்தார்.

"அப்படி என்ன பண்ணிட்டாங்க, மேஸ்ட்ரோ?"

"என்ன பண்ணலை? எல்லாரும் வாத்தியத்தை மடியில வச்சுட்டுக் காத்திருக்க, பியானோ மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் இருக்கே, அதை அளவா முடிச்சுட்டு எங்ககிட்ட விடணும். இவங்க விட்டாத்தானே? வாரத்துக்கு வாரம் அனுமார் வால்! ஜனங்க கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. போதாக்குறைக்கு, முடிக்கிறப்ப இடது கையால டமடமன்னு ஒரு இடி. அங்கே எதுக்குங்க இடி?"

ரோஸ்விதாவின் கரண்டி கோப்பைக்குள் இன்னும் வேகமாகச் சுழன்றது.

"நீங்களே கையைக் காட்டி ஆர்க்கெஸ்ட்ராவை ஆரம்பிச்சிட வேண்டியதுதானே?" என்றார் கெர்லிந்த்.

"அவங்க முடிக்காம எப்படிங்க ஆரம்பிக்கிறது? என் குச்சி அசையாம ஒரு வயலின்காரன் மூச்சு விடமாட்டான், அது வேற விஷயம். ஆனாலும் பொறுத்துக்கிட்டேன். பத்திரிகையில பார்க்கலையா? 'தனி முடியும்வரை மேடைக் கம்பியைப் பிடித்தபடி, கண்மூடி, தவம்போல் நின்றார் மேஸ்ட்ரோ'ன்னு போட்டிருக்கான். நல்லவேளை, அஞ்சாவதுல தனி கிடையாது. வேண்டாம்னு பீத்தோவனே எழுதி வச்சுட்டுப் போயிருக்கார், மகராசன்!"

"அதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றார் ரோஸ்விதா மெதுவாக.

"பார்த்தீங்களா! கைதட்டல் போயிடுமேன்னு கவலை. இவ்வளவு தலைக்கனம் ஆகாது, அம்மணி!"

கெர்லிந்த் பெருமூச்சு விட்டார். மேஸ்ட்ரோவின் பெயருக்குத்தான் இந்த ஊரில் டிக்கெட் விற்கும். "மன்னிச்சுக்கங்க ரோஸ்விதா. அடுத்த வருஷத்துக்கு வேற ஆளைத்தான் பார்க்கணும்."

ரோஸ்விதாவின் முகம் விழுந்துவிட்டது. பெரிய மனிதராயிற்றே என்று இத்தனை வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு ஓத்மார் பக்கம் திரும்பினார்.

"நீங்க தூங்கி எழுந்திரிக்கிற வரைக்கும் நான் வேற என்னதான் பண்றது, மேஸ்ட்ரோ?"