மைல்கல் கேட்ட கேள்வி

வீரணன் முதியோர் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் தன் வண்டிமாடு மயிலையை ஜன்னலோரம் கட்டிவிட்டுப் போவார். கரும்பலகையைப் பார்த்துப் பார்த்து, பல் தேய்ந்த வயசில் மயிலைக்கும் எழுத்து பிடிபட்டது.

வழியில், சாலை முக்கில் ஒரு மைல்கல். "அண்ணே, என் முகத்துல என்ன எழுதியிருக்கு? பார்த்ததும் எல்லாரும் வேகமா நடக்கறாங்களே" என்று மயிலையிடம் கேட்டது.

முக்கில் வண்டி திரும்புவதற்குள் மயிலையால் ஒரு நாளைக்கு ஓர் எழுத்துத்தான் படிக்க முடிந்தது. நாலாம் நாள் கூட்டிச் சொன்னது: "மணலேரி."

"எப்படி இருக்கும்?"

"நான் போனதில்லை. இங்கேயே திரும்பிடுவோமே."

ஐந்தாம் நாள் கல் கேட்டது. "கீழே?"

"ஒரே ஒரு எண்ணு. மூணு கிலோமீட்டர்."

"மூணுதானா?" என்றது கல். "எட்டாத தூரம்னு நெனச்சுல்ல இத்தனை வருஷம் மனசைத் தேத்திக்கிட்டேன்."

வீரணன் வழக்கம்போல் கயிற்றை இடப்பக்கம் இழுத்தார். மயிலை திரும்பாமல் மணலேரிச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றது.